அனலைதீவில் காற்று விழும்வரை

யாழ்ப்பாணத்தில் வேலை இருந்தது என் கணவருக்குத்தான். பட்டணத்தில் ஓர் அச்சகத்துக்காரர் வாங்கியிருந்த இயந்திரத்தைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, ஆட்களுக்குப் பழக்கிவிட்டு வரும்படி சென்னையிலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; எனக்கும் லீவு. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன்.

நளினிக்கு அப்போது ஐந்தரை வயது. ரகுவுக்கு இரண்டு முடிந்து ஒரு மாதம். பள்ளிக்கூடத்து மணி என் உடம்புக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்த காலம். ஆறுக்கு எழுப்புவது, ஆறரைக்குக் குளியல், ஏழுக்குச் சாப்பாடு, எட்டரைக்குத் தூங்கவைத்துவிட்டு அப்பாடா என்று உட்காருவது. நளினி தவழ்ந்தபோது எப்போது நடப்பாள் என்று பார்த்தேன். நடந்தபோது எப்போது பள்ளிக்கூடம் போவாள் என்று பார்த்தேன். ரகு பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, இன்னும் நாலு வருஷத்தில் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டவள் நான்.

முதல் வாரம் சாப்பாட்டிலேயே போயிற்று. இடியப்பத்தை இவர்கள் தேங்காய்ப்பால் விட்ட சொதியில் நனைத்துச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் பண்டிகைக்குச் செய்கிற பலகாரம் இங்கே தினசரிக் காலை உணவு. காப்பியில் கொத்தமல்லி வாசம் அடித்தது. மூன்று நாள் முகம் சுளித்தேன், நாலாம் நாள் இரண்டாம் கோப்பை கேட்டேன். சமையலறை குசினி, நாற்காலி கதிரை, ஆமாம் என்பதற்கு ஓம். ரகுவுக்கு அந்த ஓம் பிடித்துப்போய், எதைக் கேட்டாலும் சாமியார் மாதிரி ஓம் ஓம் என்றான். ஒரு வாரத்தில் இவர்கள் பேசுகிற தமிழ் எனக்குப் பிடிபட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் எங்களை அனலைதீவில் கொண்டுபோய் விட்டது.

அங்கே என் சிநேகிதி பூமணி இருந்தாள். சென்னையில் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது அனலைதீவுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பக்கத்திலேயே அவளுக்கு ஒரு சின்ன வீடும் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை வருகிறேன் என்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் நயினாதீவுக்கு யாத்திரை போகிறவர்கள். வெள்ளை உடுத்த சிங்களப் பெண்கள் நாலைந்து பேர் தாமரை மொட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்கும்பான் தாண்டியதும் ரகு வாந்தி எடுத்தான். எடுத்தது அவர்களில் ஒருத்தியின் வெள்ளைச் சேலை மேலே. நான் பதறிப்போய்த் துடைக்க, அவள் என் கையை விலக்கிவிட்டு, அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

“பிள்ளை இந்த அளவிலேயே நிண்டால் நல்லம் எண்டு சொல்லுறா.”

இன்னும் ஒரு வருஷம் இவன் இதே அளவில் நின்றால் என் உயிர் போய்விடும் என்றேன். அவர் அதை அவளுக்குச் சொல்லவில்லை. வேலணையில் அவர்கள் வேறு பஸ்ஸுக்கு இறங்கிப் போகும்போது அந்தப் பெண் திரும்பித் திரும்பி ரகுவைப் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கண் பட்டுவிடும் என்று நம்புகிறவள் அல்ல நான். ஆனாலும் அவன் தலையை என் தோளில் சாய்த்து மறைத்துக்கொண்டேன்.

நாரந்தனையில் டயர் வெடித்தது. முக்கால் மணி நேரம் ஒரு பூவரச மர நிழலில் நின்றோம். ஊர்காவற்றுறையில் போய் இறங்கியபோது அனலைதீவுக்கான காலை வள்ளம் போய், அங்கிருந்து ஒன்று வந்து, அடுத்தது புறப்பட நின்றுகொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு தேநீர்க் கடை. பிள்ளைகளுக்குப் பாலும் எனக்குப் பனங்கட்டி கடித்துக் குடிக்கிற தேநீரும் வாங்கினேன். கடைக்காரர் எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார்.

“அங்கை இப்ப சரியான வருத்தம்,” என்றார்.

வருத்தம் என்றால் எனக்குத் துயரம். தண்ணீர் இல்லாமல், வேலை இல்லாமல் தீவு ஜனங்கள் படும் கஷ்டத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என்ன செய்வது, எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

வள்ளத்தில் எங்களைத் தவிர மூன்றே பேர், மூவரும் ஆண்கள், மூட்டைகளோடு. கடலுக்கு நடுவே தனியாக நிற்கிற பழைய கோட்டையைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. மூவரில் ஒருவர், எஞ்சின் சத்தத்துக்கு மேலே, ரகுவின் சட்டையைப் பார்த்தபடி கேட்டார்: “பிள்ளையளுக்கு வந்து போட்டுதோ?”

சட்டையில் வாந்திக் கறை. ஆமாம், வந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று கத்தினேன்.

“அப்ப பயமில்லை,” என்று தலையாட்டிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

பாதி வழியில் எதிரே ஒரு வள்ளம் வந்தது. தூரத்தில்தான். அதில் ஒரு பெண் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஒரு கை போதாமல் இரண்டு கையையும் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீசினாள். ஆட்டம் தாளாமல் உட்கார்ந்து மறுபடி எழுந்து வீசினாள். எவ்வளவு பிரியமான ஜனங்கள் என்று தோன்றியது. நானும் கையை ஆட்டினேன், பிள்ளைகளையும் ஆட்டச் சொன்னேன். அந்த வள்ளம் சிறுத்து மறையும்வரை அவள் கை இறங்கவில்லை.

எந்தத் துறையிலும் படகு வந்தால் வேடிக்கை பார்க்க நாலு பிள்ளைகள் ஓடி வருவார்கள். அனலைதீவில் யாரும் வரவில்லை. மூட்டைக்காரர்கள் மூன்று பேரும் மூன்று திசையில் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டு வைத்திருந்தேன், ஒரே தெருதான். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பனையோலை வேலி. புதிதாக அடைத்த வேலி, கண் வைத்துப் பார்க்க ஒரு பொத்தல் கிடையாது. மணி பதினொன்று இருக்கும். உரல் இடிக்கிற சத்தம் இல்லை. தாளிக்கிற வாசனை இல்லை. தலைக்கு மேலே பனைகள் மட்டும் சோவென்று இரைந்தன, பெருமழை பெய்வதுபோல. ரகு உள்ளங்கையை நீட்டி மழைத்துளி விழுகிறதா என்று பார்த்தான். வானம் வெறுமையாக வெளுத்துக் கிடந்தது.

நளினிதான் கேட்டாள், இந்த ஊரில் பிள்ளைகளே இல்லையா என்று. அப்போதுதான் கவனித்தேன். படலை என்று இவர்கள் சொல்லும் வேலிக் கதவுகளுக்கு மேலாகத் தெரிந்த துணிக்கொடிகளில் ஒரு சின்னச் சட்டைகூட இல்லை. அடுத்த படலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. எதிர்ப் படலையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நான் நின்றுவிட்டேன். நம் ஊரிலும் வேப்பிலைக்கு அர்த்தம் ஒன்றுதான். வீட்டுக்குள் அம்மை கண்டிருக்கிறது.

வருத்தம் என்றால் இவர்களுக்கு நோய். வந்து போட்டுதோ என்று அவர் கேட்டது அதைத்தான். தெரு நடுவே நின்று ஒவ்வொரு சொல்லாக எனக்கு அர்த்தமாயிற்று. ரகுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நளினியை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். வள்ளம் போய்விட்டிருந்தது.

திரும்பி வரும்போது பள்ளிக்கூட வாசலில் ஒருவர் நின்றார். சால்வையால் வாயை மூடிக்கொண்டு, நாங்கள் நெருங்க நெருங்கப் பின்னால் நகர்ந்தார். பெயர் தம்பையா, பள்ளிக்கூடத்துக் காவல்காரர். பூமணி வீட்டுச் சாவியைக் கையில் தராமல் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் படுக்கையில். சின்னமுத்து என்றார், நாம் தட்டம்மை என்கிறோமே, அது. வீட்டுக்கு வீடு பரவி, பள்ளிக்கூடம் மூடி ஒன்பது நாளாகிறது.

“ரீச்சர் உங்களை மறிக்கவெண்டுதான் காலமை வள்ளத்திலை போனவ,” என்றார். “வழியிலை காணேல்லையோ?”

பார்த்தோம் என்று சொன்னேன். கையை ஆட்டினோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வள்ளம் எப்போது என்று கேட்டேன். அவர் பனை உச்சிகளைக் காட்டினார். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டது. விழும்வரை ஒரு வள்ளமும் வராது. மூன்று நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். பிள்ளைகளை வீட்டோடு வைத்திருக்கச் சொன்னார். வேலிக்கு உட்பட்ட எங்கள் வளவுக்குள் யாரும் வரமாட்டார்கள், நாங்களும் வெளியே போகக்கூடாது.

பூமணியின் வீடு ஓர் அறை, ஒரு குசினி, பின்னால் கிணறு. மேசையில் அவள் எனக்கு எழுதி, தபாலில் சேர்க்க முடியாமல் போன கடிதம் இருந்தது. வராதே என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருந்தாள்.

அப்போதெல்லாம் அதற்கு நம் பக்கத்தில் தடுப்பூசி கிடையாது. எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு வரவில்லை. முதல் நாள் முழுவதும் நான் அவர்கள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். தொட்டுத் தொட்டு என் கைச்சூடு எது, அவர்கள் சூடு எது என்று தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலையில் கிணற்றுக்கட்டில் சாப்பாடு இருந்தது. ஓலைப் பெட்டியில் புட்டு, ஒரு சிரட்டையில் தேங்காய்ச் சம்பல், மூடி போட்ட செம்பில் ஆட்டுப்பால், நாலு நுங்கு. வைத்தவர் யாரென்று தெரியவில்லை. படலை திறந்த சத்தமும் கேட்கவில்லை, மணலில் காலடியும் இல்லை. இருந்திருந்தாலும் காற்று அழித்திருக்கும். அதன் பிறகு தினமும் வந்தது. காத்திருந்து பார்த்தேன், உள்ளே ரகுவுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருவதற்குள் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கும். தம்பையாவிடம் கேட்டதற்கு, பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து வருகிறது, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தக் கையை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

அங்கேயும் ஆறுக்கு எழுப்பினேன். ஆறரைக்குக் குளிப்பாட்டினேன். ஏழரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் செய்ய ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. கைகள் சும்மா இருக்கும்போது பயம் பெரிதாகிறது. பூமணியின் அலுமாரியைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

அந்த இரண்டாம் நாள் பிற்பகல், கிணற்றடியில் நளினி யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வேலியோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. குழந்தைக் குரல்தான், ஆனால் கரகரத்து, மணலைத் தேய்த்ததுபோல இருந்தது. நடுநடுவே இருமல்.

“இப்ப என்ன செய்யிறாய்?” என்று அது கேட்டது.

“உட்கார்ந்திருக்கேன்,” என்றாள் நளினி. “கால்ல எறும்பு ஏறுது.”

“இப்ப?”

“முழங்காலுக்கு வந்துடுத்து.”

நளினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கையைக் காலைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். யார் அது என்று கேட்டேன். செல்வி என்றாள். அவளுக்கும் ஐந்து வயதாம். கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று ஈரத்துணி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம். வேலியோரக் கொட்டிலில் படுத்திருக்கிறாளாம். ஒன்றும் பார்க்க முடியாததால் நளினி பார்ப்பதையெல்லாம் சொல்ல வேண்டுமாம்.

இனிமேல் போகக்கூடாது என்றேன். வேலிக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இப்ப என்ன செய்யிறாய், இப்ப என்ன செய்யிறாய். கோபமோ அழுகையோ இல்லாமல், பதில் எப்படியும் வரும் என்று நம்பிக் கேட்கிற குரல். ஒரு மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வளவின் இந்தக் கோடியில், வீட்டுப் படியில் நின்று பேசலாம், வேலிப் பக்கம் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டேன்.

மூன்றாம் நாள் முழுவதும் அந்த விளையாட்டுத்தான். நளினி படியிலிருந்து கத்துவாள்: இப்ப நுங்கு சாப்பிடறேன், இப்ப தண்ணி என் சட்டையில கொட்டிடுத்து, இப்ப காக்கா வந்திருக்கு. குரல் இருமிவிட்டு அடுத்ததைக் கேட்கும். தம்பி என்ன செய்யிறான் என்று கேட்கும். நளினிக்குச் சொல்லத் தெரியாதபோது என்னைக் கேட்பாள். அலுமாரித் துணியை வைத்துவிட்டு நான் வெளியே வந்து ரகுவைப் பார்ப்பேன். சிரட்டையில் மண் அள்ளுகிறான் என்று சொல்வேன். உள்ளே போவேன். மறுபடி கூப்பிடுவார்கள். இப்போது என்ன செய்கிறான்? அதே மண்தான் அள்ளுகிறான். இல்லை, இப்போது அதைக் கொட்டிவிட்டுச் சிரட்டையைத் தலையில் கவிழ்த்திருக்கிறான்.

சாயங்காலம் குரல் தேய்ந்து போயிருந்தது. இரவு இருமல் மட்டும் கேட்டது. காற்று ஓலைகளை அறைந்தபோது மறைந்தும், விட்டபோது தெரிந்தும்.

நாலாம் நாள் காலையில் இருமல் இல்லை. பிள்ளை நன்றாகத் தூங்குகிறது, காய்ச்சல் விட்டிருக்கும் என்று எனக்கு ஒரு நிம்மதி. நளினி எழுந்ததும் வெளியே போய்விட்டாள். நான் குசினியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் பேசுவது கேட்டது. இப்ப பல் தேய்க்கிறேன். இப்ப வாய் கொப்பளிக்கிறேன். இப்ப ரகு எழுந்துட்டான், கண்ணைக் கசக்கறான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. காற்றில் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

எட்டு மணிபோல் தம்பையா வந்து படலைக்கு வெளியே நின்றார். சால்வை தலையில் இருந்தது. நான் அருகில் போனேன். அவர் குரலைத் தணித்தார்.

“செல்வியை அம்மாள் விடியப்புறமே எடுத்துப்போட்டா. கொண்டுபோய்த் தாட்டுமாச்சு. அம்மாள் கொண்டுபோன பிள்ளைக்குச் சத்தம் வைச்சு அழக்கூடாது, தங்கச்சி. அதாலைதான் உங்களுக்குக் கேட்டிருக்காது.”

அம்மாள் என்று அவர் சொன்னது மாரியம்மனை, தாட்டது என்றால் புதைத்தது. அவருக்குப் பின்னால் தெரு வெறிச்சென்றிருந்தது. எனக்குப் பின்னால் என் மகளின் குரல் கேட்டது.

“இப்ப அம்மா வாசல்கிட்ட நிக்கறா. தாத்தா ஒருத்தர்கிட்டப் பேசறா.”

திரும்பிப் பார்த்தேன். படியில் இல்லை அவள். வேலியோரம், முதன்முதலில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். சிரித்தாள்.

அவளிடம் போனேன். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டேன்.

“செல்விகூடத்தான். இன்னிக்கு மெதுவாத்தான் பேசறா. அதான் கிட்ட வந்தேன்.”

அவளைத் தூக்கக் குனிந்தபோது எனக்கும் கேட்டது. ஓலைக்கு அப்பால், ஒரு முழம்கூட இருக்காது.

“இப்ப என்ன செய்யிறாய்?”

மூச்சு மாதிரி ஒரு குரல். குழந்தையுடையது இல்லை.

நளினியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் பின்வாங்கினேன். வாயை மூடு, பேசாதே என்று அவள் வாயைக் கையால் பொத்தினேன். ரகு வேறு பால் கேட்டு அழத் தொடங்கினான், அவனையும் அதட்டினேன். செத்த வீட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைச் சத்தம் கேட்கலாமா?

“அக்கா,” என்றது குரல். “பிள்ளையை மறியாதேங்கோ.”

செல்வியின் தாய். மகள் படுத்திருந்த பாயில், அவள் தலை வைத்திருந்த இடத்தில், விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். நளினி வெளியே வந்து, செல்வி என்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் சொல்லாமல் இருக்க அவளுக்கு முடியவில்லை. மகள் கேட்டதையே தானும் கேட்டிருக்கிறாள். கேட்கக் கேட்க என் மகள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நம் ஊரில் துக்கம் கேட்கச் சில சொற்கள் இருக்கின்றன. முகம் தெரியாத ஒருத்தியிடம், ஓலை வேலியைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல முடியவில்லை. அவள்தான் பேசினாள்.

“வருத்தம் வாறதுக்கு முதல்நாள் பள்ளிக்கூடம் போகேக்கை தலை இழுத்துவிட்டனான். நில்லாமல் ஆடுறாள் எண்டு சீப்பாலை அடிச்சனான். அடுப்பிலை சோறு கிடந்தது, எனக்கு அந்தர அவசரம். அண்டைக்கு என்ன நிற றிபன் கட்டிவிட்டனான் எண்டு நேற்றிலையிருந்து யோசிக்கிறன். எனக்கு வருகுதில்லை.”

நான் வேலியோரம் மண்ணில் உட்கார்ந்தேன்.

“தம்பி அழுகிறான் போலை,” என்றாள். “பாலைக் குடுங்கோ. குடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ, எப்பிடிக் குடிக்கிறான் எண்டு.”

பால் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சொன்னேன். அன்று பகல் முழுவதும் சொன்னேன். பயம் இருந்தது, பிள்ளைகளைப் படிக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் வேலியடியில் இருந்து, அங்கிருந்தே அவர்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மண் அள்ளுகிறான் என்றால் அவளுக்குப் போதாது. எந்தக் கையால் என்று கேட்டாள். பார்த்தேன். இடது கை. சிரட்டையை மாற்றி வைத்தான். அப்போதும் இடது கைதான் நீண்டது. என் மகன் இடது கைக்காரன் என்பது அவன் பிறந்து இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆனபிறகு, வேலிக்கு அப்பால் ஒருத்தி கேட்டதால் எனக்குத் தெரிந்தது.

நளினி நுங்கைக் கடிக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்குகிறாள் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டாள். கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். சென்னையிலிருந்தே ஆடுகிறது, உன்னிடம் சொன்னேன், நீ அப்புறம் பார்க்கிறேன் என்றாய் என்றாள் நளினி. அதையும் வேலிக்குச் சொன்னேன். அப்பால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சிரிப்பா வேறெதுவுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொழுது சாயும்வரை இருந்தோம். அவள் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இருட்டியபோது, இனி நீங்கள் உள்ளே போங்கோ அக்கா என்றாள். போனேன். பிள்ளைகளை எட்டரைக்குத் தூங்கவைக்கவில்லை. தூக்கம் வரும்வரை மடியில் கிடந்தார்கள்.

மீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் திரும்பிப் பதினோராம் நாள் நளினிக்குச் சின்னமுத்து கண்டது. ரகுவுக்கு அதற்கடுத்த வாரம். இருட்டு அறையில் மூன்று வாரம் அவர்களோடு கிடந்தேன். பூமணியும் வந்து கூட இருந்தாள். என் பள்ளிக்கூடம் திறந்து, இரண்டு தந்தி அனுப்பி, மூன்றாவதில் எச்சரித்தார்கள். இரண்டு பேருக்கும் குணமாயிற்று. ஏன் அந்த வேலியோரம் விட்டாய் என்று என் கணவர் ஒரே ஒரு முறை கேட்டார். பதில் சொன்னேன், அவருக்குப் புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. விட்டது சரியா என்றால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது ஐந்தாம் நாள் காலையை. விடிந்தபோது ஓலை இரைச்சல் நின்றிருந்தது. காதில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல அப்படியோர் அமைதி. முதல் வள்ளத்திலேயே பூமணி வந்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், உடனே புறப்படு, வள்ளம் நிற்கிறது, உன் வீட்டுக்காரர் ஊர்காவற்றுறையில் காத்திருக்கிறார் என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். நளினி அவள் பின்னால்.

படலையைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் ரகு என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். நடப்பேன் என்றான். இரண்டு வயதுப் பிள்ளையின் நடை தெரிந்ததுதானே. மூன்று எட்டு வைப்பான், உட்காருவான், ஒரு சிப்பியை எடுப்பான், இரண்டு பக்கமும் பார்ப்பான், போட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பான். துறையிலிருந்து கூப்பிட்டார்கள். பூமணி திரும்பி நின்று, தூக்கிக்கொண்டு வா என்று கையைக் காட்டினாள்.

நாங்கள் செல்வி வீட்டு வேலியோரம் நின்றிருந்தோம். ரகு எழுந்து நடந்தபோது வேலிக்கு அப்பால் சருகில் அந்தத் தாயின் காலடி கேட்டது. அவன் நின்றான், அதுவும் நின்றது. அவன் சிப்பி எடுக்கக் குனிந்து, எடுத்து, இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, மறுபடி இடது கைக்கு மாற்றும்வரை அங்கே சத்தமில்லை. நடந்தான், நடந்தது. ஓலைக்கு ஓர் அங்குலம் அப்பால், அவன் தப்படி அளவுக்கே சின்னச் சின்னதாக.

துறையில் மறுபடி கூப்பிட்டார்கள். நான் அவனைத் தூக்கவில்லை.